மொழி வாழும் ஊரில் மொழி பயில்வோர்

கனடாவின் கீழ்த்திசையில், அத்திலாந்திக் சமுத்திரத்தினுள் நீண்டு கிடக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தென்மேற்குக் கரையிலே புனித மரியாள் விரிகுடா என்றொரு விரிகுடா உண்டு. அதன் ஓரமாக ஒரு நெடுந்தெரு செல்கின்றது. தெருவின் இருமருங்கும் மீனவர் வீடுகள். ஓர் ஊர் எங்கே முடிகின்றது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகின்றது என்பதை அயலார் அறிதல் அரிது. அத்தெருவிலே, 'கோயில் முனை' என்று பொருள்படும் பெயரையுடைய சிற்றூரொன்றில் ஒரு சர்வகலாசாலை இருக்கின்றது. புனித அன்னம்மாளின் பெயர் தாங்கிய அக்கலாசாலையில் முழுநேரமாகப் பயில்வோர் சில நூற்றுவரே. எனினும், நோவா ஸ்கோஷியாவிற் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கும் சர்வகலாசாலை அது ஒன்றுதான்.

வசந்தத்திலும் கோடையிலும் அவ்வூருக்கு ஆங்கிலம் பேசும் இளைஞரும் யுவதிகளும் கூட்டங் கூட்டமாக வந்து சேருகின்றனர். ஐந்து வாரம் தங்கிப் பிரெஞ்சு பயில்வது அவர்கள் நோக்கம். வந்ததும் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழியிற் கையொப்பமிட வேண்டும். அன்று தொடக்கம் ஐந்து வாரமும் பிரெஞ்சு அன்றி வேறு மொழி பேசுவதில்லை என்பதே அவ்வுறுதி. அது வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. உணவுச்சாலை, விளையாட்டிடம், விடுதி எங்கணும் செல்லும். மீறுவோர் எச்சரிக்கப்படுவர். எச்சரிக்கைகள் தொடர்ந்தால், மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

கேட்பதற்கு இது கொடிய விதியாகத் தோன்றலாம். ஆனால் அவ்வூரின் வரலாற்றை அறிந்தோருக்கு இவ்விதி வேறொரு பொருள் தரும். பிறமொழி கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் ஆராயத்தக்க வினாக்கள் சில அதனுள் அடங்கியுள்ளன. ஒரு மொழியைக் கற்பிக்கும்போது நாம் கற்பிப்பது யாருடைய மொழியை? சொல்லையும் இலக்கணத்தையும் கற்றவன் அம்மொழி பேசும் மக்களையும் அறிந்தவனாவானா? இவ்வினாக்களை அக்கரையோரக் கலாசாலையை முன்வைத்து இங்கே சிறிது நோக்குவோம்.

நாடு கடத்தப்பட்டோர்

1604 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் பிரெஞ்சுக்காரர் அப்பிரதேசத்திற் குடியேறத் தொடங்கினர். 1605 இல் போர்ட் றோயல் என்னும் குடியிருப்பு எழுந்தது. அவர்கள் அந்நாட்டை அகாடியா என அழைத்தனர். அங்கு வாழ்ந்த மிக்மாக் ஆதிக்குடிகளுடன் பெரும்பாலும் நட்பாகவே இருந்தனர். கடல்நீர் ஏறி இறங்கும் சேற்று நிலங்களை அவர்கள் அணைகட்டி வயல்களாக்கிய முறை புகழ்பெற்றது. அணையின் அடியில் ஒரு மதகு. அதனுள்ளே தொங்கும் ஒரு பலகைக் கதவு. வற்றுப்பெருக்கின்போது உள்ளிருக்கும் மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்; கடல் பெருகும்போது அதே கதவு அழுத்தத்தினால் மூடிக்கொள்ளும். உவர் நீங்கிய மண் சில ஆண்டுகளில் நல்விளைநிலமாகும். தொண்டைமானாற்றுத் தடுப்பணையை அறிந்த நம்மவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

1713 ஆம் ஆண்டின் உற்றெக் உடன்படிக்கையால் அகாடியா பிரித்தானியர் கைக்கு மாறியது. அகாடியர், தம் சமயத்துக்கு இடையூறு நேராதாயின், எப்பக்கத்துக்கும் ஆயுதம் எடாது நடுநிலை நிற்போம் என்றனர். நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணமே வேண்டும் என்றது அரசு. இவ்விழுபறி நாற்பதாண்டு நீடித்தது. ஈற்றில், தேசாதிபதி சார்ள்ஸ் லோறன்ஸ் காலத்தில், அம்மக்கள் அனைவரையும் நாட்டைவிட்டு அகற்றுவது என்ற தீர்மானம் பிறந்தது. 1755 செப்டெம்பர் 5 ஆந் திகதி கிரான் பிரே என்னும் ஊரின் ஆண்களும் பையன்களுமாக 418 பேர் கோயிலுக்கு அழைக்கப்பட்டனர். கதவுகள் அடைக்கப்பட்ட பின்பு, அவர்தம் நிலமும் வீடும் கால்நடையும் அரசுடைமையாயின என்றும், அவர்கள் நாடு கடத்தப்படுவர் என்றும் வாசித்துக் கூறப்பட்டது. 1763 வரையில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு கப்பலேற்றப்பட்டனர். குடும்பங்கள் பிரிந்தன, நோயாலும் கப்பற் சேதத்தாலும் மாண்டோர் பல்லாயிரவர்.

1764 இல் அவர்கள் திரும்பி வரலாம் என்ற அனுமதி கிடைத்தது. ஆனால், அணைகட்டி வளமாக்கிய பழைய வயல்களில் வேறு குடிகள் ஏறியிருந்தன. ஆதலால் திரும்பியோருக்குக் கிடைத்தது பாறையும் காடுமான புனித மரியாள் விரிகுடாக் கரை. 1768 இல் அவர்களுக்கென அங்கே கிளெயார் என்னும் நிலப்பகுதி வகுக்கப்பட்டது. உழவர் குலம் மீனவர் குலமாயிற்று. அன்று வந்தோரின் சந்ததியாரே இன்று அந்நெடுந்தெருவில் வாழ்வோரிற் பெரும்பாலார். கிளெயாரின் சனத்தொகை எண்ணாயிரத்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்.

குருவானவரும் கல்லூரியும்

1799 இல் அக்கரைக்கு ஒரு குருவானவர் வந்து சேர்ந்தார். ஜான் மாந்தே சிகோஞ் என்பது அவர் பெயர். பிரெஞ்சுப் புரட்சியின்போது தாய்நாட்டை விட்டு நீங்கி இங்கிலாந்திற் புகலடைந்து, அங்கிருந்து அகாடியருக்குப் பணிபுரிய வந்தவர் அவர். 1844 இல் இறக்கும் வரையில் அக்கரையிலேயே வாழ்ந்தார். தம் மக்களுக்குப் பிரெஞ்சிலும், அரசாங்கத்துடன் ஆங்கிலத்திலும் பேசியதோடு, மிக்மாக் மக்களுக்குப் பணிபுரியும் பொருட்டு அவர்தம் மொழியையும் கற்றார். மொழி கற்பது பிறர்பால் வைக்கும் மரியாதையின் அடையாளம் என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

அவர் நினைவாகவே 1890 ஆம் ஆண்டில் யூதிஸ்ற் சபைக் குருமார் புனித அன்னம்மாள் கல்லூரியை நிறுவினர். 1899 இல் அது தீக்கிரையாயிற்று, மீண்டும் கட்டினர். கலாசாலைக்கு அயலிலே, 1903 முதல் 1905 வரையிற் கட்டப்பட்ட மரத்தாலான மரியன்னை கோயில் நிற்கின்றது. அதன் கோபுரம் ஏறத்தாழ 56 மீற்றர் உயரம். வட அமெரிக்காவின் மிகப்பெரிய மரக்கோயில்களுள் ஒன்று என்பர். அதனைக் கட்டிய தலைமைத் தச்சர் எழுத வாசிக்க அறியாதவர் என்பதை அவ்வூரார் பெருமையோடு சொல்வர். இன்று அங்கே வழிபாடு நின்றுவிட்டது. அத்துணைப் பெரிய மரக்கட்டடத்தைப் பேணுதற்குச் சிற்றூரின் வருவாய் போதவில்லை. கோயில் ஓய்ந்த ஊரில் கலாசாலையே இப்போது மக்களின் நடுவிடமாக விளங்குகின்றது.

கல்லூரி எழுந்த காலத்தை நோக்கினால் அதன் அவசியம் புலனாகும். 1864 இல் மாகாண அரசு இயற்றிய இலவசக் கல்விச் சட்டம் பிரெஞ்சு வழிக் கல்விக்கு இடம் வைக்கவில்லை. வீட்டிற் பிரெஞ்சு பேசிய பிள்ளை பள்ளியில் ஆங்கில எழுத்தையே முதலிற் கண்டது. அகாடியப் பள்ளிகள் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்டது 1981 இலே. தனியான அகாடியப் பாடசாலைச் சபை அமைந்தது 1996 இலே. அதன் பின்பும் உயர்தர வகுப்புகளுக்குரிய பிரெஞ்சுப் பள்ளிகளைத் தாமதமின்றி அமைக்குமாறு கிளெயார் உட்பட ஐந்து பிரதேசங்களின் பெற்றோர் வழக்காட வேண்டியிருந்தது. அவ்வழக்கில் கனடாவின் உயர்நீதிமன்றம் 2003 இல் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோர் எல்லோரும் ஒருமனப்பட்டு நின்றனர் என்றும் சொல்வதற்கில்லை. பிரெஞ்சு மட்டும் கற்றாற் பிள்ளைக்கு ஆங்கிலம் குன்றும், உத்தியோகம் கிட்டாது என்று அஞ்சியோரும் இருந்தனர். இவ்வச்சத்தைக் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு? நம் வீடுகளிலும் அதே பேச்சைக் கேட்கின்றோமன்றோ?

ஆங்கிலம் பேசலாகாது

இப்போது அவ்வுறுதிமொழிக்குத் திரும்புவோம். காலையில் வகுப்புகள், பிற்பகலிற் பாட்டு, நாடகம், விளையாட்டு, சமையல் எனப் பயிற்சிக் களங்கள், மாலையில் ஒன்றுகூடல்கள். இதுவே ஐந்து வார வாழ்வு. முதல் வாரத்தில் உணவுச்சாலையில் அமைதி மிகுந்திருக்கும் என்பதை ஊகித்தல் எளிது. பேச்சில் வல்ல இளைஞன் உப்புக் கேட்பதற்கும் கை காட்ட வேண்டியவனாகின்றான். தன் மொழியில் நகைச்சுவை மிக்கவன், புதிய மொழியில் மந்தமான ஒருவனாகத் தோன்றுகின்றான். இந்நிலை மாணவனுக்குத் துன்பமே. ஆனால், வேற்று நாட்டிற் குடியேறி, கடையிலும் வைத்தியசாலையிலும் தன் கருத்தை உரைக்க மாட்டாது தடுமாறும் ஒரு முதியவரின் நிலை எத்தகையது என்பதை அவன் அந்த ஒரு வாரத்தில் அறிகின்றான். எந்தப் பாடநூலும் அதை அவ்வளவு நன்றாகக் கற்பிக்காது.

பள்ளியில் மொழியைத் தடைசெய்தல் என்பது உலக வரலாற்றில் இழிந்த பெயர் பெற்றது. பிரான்சின் பிரெத்தாஞ் பிரதேசத்தில் தம் தாய்மொழியான பிரெத்தோனைப் பேசிய சிறுவரின் கழுத்தில் ஆசிரியர் மரச்செருப்பு முதலிய பொருளை மாட்டிவிடுவர். மாட்டப்பட்டவன் அதே குற்றம் புரியும் இன்னொருவனைக் கண்டுபிடித்து அவனுக்கு மாற்றிவிட வேண்டும். நம் நாட்டிலும் ஆங்கிலக் கல்லூரிகள் சிலவற்றில் தாய்மொழியிற் பேசியோருக்குத் தண்டம் விதித்த காலம் இருந்தது. அகாடியாவில் ஒடுக்கப்பட்ட அதே பிரெஞ்சு, பிரெத்தாஞ்சில் ஒடுக்கும் மொழியாக நின்றது. ஒரு மொழி தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அதன் பின்னே நிற்கும் அதிகாரமே அதை அவ்வாறாக்குகின்றது.

ஆயின், கோயில் முனையின் விதியும் அத்தகையதுதானா? இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. பிரெத்தோன் சிறுவன் தெரிந்தெடுத்துப் பள்ளிக்கு வந்தவனல்லன். அவனிடமிருந்து பறிக்கப்பட்டது அவன் தாயின் மொழி. மாலையில் வீடு திரும்பினாலும் அம்மொழிக்கு ஊரிலே மதிப்பில்லை. இங்கே வரும் மாணவனோ வயதுவந்தவன். தானே விரும்பிக் கையொப்பமிட்டவன். அவன் மொழி கண்டம் முழுதும் ஆளும் மொழி. ஐந்து வாரம் அது வாயில் அடங்கியிருப்பதால் அதற்கு ஒரு சேதமும் இல்லை. அன்றியும், இவ்விதி இன்றேல் நேர்வது யாது? இருபது பேர் கூடிய இடத்தில் ஒருவருக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பேச்சு முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அகாடியர் தம் வீட்டிலேயே நாள்தோறும் காணும் காட்சி அது. முன்னோர் கட்டிய மதகுக் கதவைப் போல, பெருங்கடல் உட்புகாது சில வாரம் தடுத்து நிற்பதே இவ்விதியின் தொழில்.

எந்தப் பிரெஞ்சு?

இனி, ஆசிரியருக்குரிய கடினமான வினாவுக்கு வருவோம். வகுப்பில் மாணவன் கற்பது நூல்களிலும் அகராதியிலும் காணப்படும் பொதுப் பிரெஞ்சு. வெளியே வந்து தெருவில் நடந்தால், மீனவர் பேசும் பிரெஞ்சு வேறாக ஒலிக்கின்றது. அதற்கு 'அகாஜோன்' என்று பெயர்.

'நாங்கள் பேசுகிறோம்' என்பதற்கு வகுப்பில் 'நூ பார்லோன்' என்று கற்பிப்பர். முதியவர் ஒருவர் 'ஜ பார்லோன்' என்பார். ஒருமை எழுவாயோடு பன்மை விகுதி சேர்ந்ததாக இலக்கண ஆசிரியருக்குத் தோன்றும். இல்லை என்பதற்கு வகுப்பில் 'பா'; தெருவில் 'புவேன்'. பாரிசின் நாட்பேச்சில் வழக்கொழிந்து நூலில் மட்டும் நிற்கும் இறந்தகால வினைவடிவம் ஒன்று இக்கரையில் மீனவர் வாயில் உயிரோடு உலவுகின்றது. 'இப்பொழுது' என்பதற்கு 'அஸ்தர்' என்பர். பதினாறாம் நூற்றாண்டின் பேரறிஞர் மொந்தேஞ் தம் கட்டுரைகளில் ஆண்ட சொல் அது. கடலோடிகளின் சொற்கள் தரைக்கு ஏறியுள்ளன. தோணியைக் கட்டுதற்குரிய 'அமாரே' என்ற வினையையே சப்பாத்தின் நாடாவைக் கட்டுதற்கும் வழங்குவர்.

'ஜ பார்லோன்' போன்ற வழக்குகள் ஒருகாலத்தில் பிரான்சிலும் பரவலாக இருந்தவையே. 1665 இல் மொலியேர் அரங்கேற்றிய 'தொம் ஜுவான்' நாடகத்தில் நாட்டுப்புறத்தார் அவ்வாறே பேசுகின்றனர். அரங்கிலிருந்த நகரத்தார் அதைக் கேட்டுச் சிரித்தனர். நகரம் சிரித்த மொழியோடு கப்பலேறியவர்கள் நாலு நூற்றாண்டாக அதைக் காத்துள்ளனர். தமிழ் ஆசிரியர்க்கு இது புதுமையன்று. யாழ்ப்பாணத்துக் கிழவி 'பறையாதை' என்று அதட்டும்போது, பேசுதல் என்னும் பொருளிற் பழந்தமிழ் வழங்கிய வினையை அவள் அறியாமலே போற்றுகின்றாள். அதனைக் கொச்சை என்று திருத்தும் ஆசிரியன் இழப்பது எதனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும், நிலைமை சிக்கலானது. வெளியிலிருந்து வரும் மாணவனுக்கு அகாஜோனை மட்டும் கற்பித்தால், மொன்றியாலிலோ பாரிசிலோ அவனுக்கு அது போதாது. பொதுப் பிரெஞ்சை மட்டும் கற்பித்தாலோ, தெருவிற் காணும் மக்களைத் தவறாகப் பேசுவோர் என்று அவன் எண்ணிவிடுவான். இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. தம் மொழியை ஐந்து வாரம் கற்றுவிட்டு வந்த பிற இனத்து இளைஞன் தம்மினும் 'சரியான' பிரெஞ்சு பேசுவதைக் கேட்கும் அவ்வூர்ப் பையன், வாயைத் திறக்கக் கூசுவான். கூச்சம் மிகுந்தால் ஆங்கிலத்துக்கு மாறுவான். மொழியைக் காக்க எழுந்த கலாசாலையே அதன் பேச்சாளரை ஊமையாக்கிவிடலாம்.

இதற்கு மருந்து இரண்டையும் வெளிப்படையாக வைத்துக் கற்பிப்பதே. இது பொது வழக்கு. இது ஊர் வழக்கு. ஒவ்வொன்றுக்கும் இலக்கணமும் வரலாறும் உண்டு. இன்ன இடத்தில் இன்னது தகும் என்று ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டும். இலக்கியமும் இதற்குத் துணை நின்றது. அகாடியாவின் மற்றொரு பகுதியிற் பிறந்த அந்தோனின் மையே, அகாடிய நாவழக்கைத் தாங்கிய நடையில் 'பெலாஜி லா ஷாரெத்' என்னும் நாவலை எழுதினார். நாடு கடத்தப்பட்ட ஒரு தாய் மாட்டுவண்டியில் தன் மக்களைத் திரட்டிக்கொண்டு தாயகம் திரும்பும் கதை அது. 1979 இல் பிரான்சின் கொன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. முன்னர், 1847 இல், அமெரிக்கக் கவிஞர் லோங்பெலோ 'எவஞ்சலின்' என்னும் காவியத்தை ஆங்கிலத்தில் எழுதியே அகாடியரின் துயரை உலகறியச் செய்தார். தம் கதையைப் பிறர் மொழியிற் கேட்டு அழுத மக்கள், தம் சொந்த நாவால் அதைச் சொல்லிப் பரிசு பெறுதற்கு நூற்று முப்பதாண்டுகளுக்கு மேற் சென்றன.

சொல்லுக்கு அப்பால்

மொழியாசிரியர் நெடுங்காலமாகச் சொற்களை எண்ணியே காலங் கழித்தனர். 1950 களிற் பிரான்சில் ஜோர்ஜ் கூகனெம் முதலிய அறிஞர், பிறநாட்டார்க்குக் கற்பிக்க வேண்டிய அடிப்படைச் சொற்களைக் கண்டறியும் பொருட்டு, மக்களின் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை ஆராய்ந்தனர். அதில் ஒரு விந்தை வெளிப்பட்டது. முள்ளுக்கரண்டி போன்ற, பிரெஞ்சு மக்கள் யாவரும் அறிந்த சொற்கள் அப்பதிவுகளில் அருகியே வந்தன. கையில் வைத்திருக்கும் கரண்டியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எனவே எண்ணிக்கையை மட்டும் நம்பாது, இன்ன சூழலில் மனத்தில் எழும் சொற்கள் எவை என்றும் கேட்டறிந்து பட்டியலை நிறைவு செய்தனர்.

சொல்லாமலே விளங்கும் பொருள்கள் போலவே சொல்லாமலே விளங்கும் நடத்தைகளும் உண்டு. அவற்றை ஆராய்ந்தோருள் எட்வேட் ஹோல் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் குறிப்பிடத்தக்கவர். வெளிநாட்டுச் சேவைக்குச் செல்லும் உத்தியோகத்தரைப் பயிற்றிய அவர், நேரத்தையும் இடைவெளியையும் ஒவ்வொரு சமூகமும் தன் முறையிற் கையாளும் விதத்தை 1959 இல் வெளியிட்ட 'மௌன மொழி' என்னும் நூலில் விளக்கினார். பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் என்று இன்று சர்வகலாசாலைகள் கற்பிக்கும் துறை பெரிதும் அங்கிருந்தே கிளைத்தது. பின்னர், 1997 இல், மைக்கேல் பைரம் என்னும் கல்வியியலாளர் பிறமொழி மாணவனுக்கு வேண்டிய அறிவுகளை ஐந்தாக வகுத்துக் காட்டினார். தன் வழக்கமே இயல்பானது என்ற எண்ணத்தைச் சற்றே ஒதுக்கி வைக்கும் மனப்பாங்கும் அவற்றுள் ஒன்று.

இது பெரிய தத்துவமாகத் தோன்றலாம். நடைமுறையில் ஒரு மதிய உணவிலேயே வெளிப்பட்டுவிடும். பிரான்சில் 'தினே' என்றால் இரவுணவு. கனடாப் பிரெஞ்சில் அதே சொல் மதிய உணவைக் குறிக்கும். இரவுணவுக்குப் பெயர் 'சூப்பே'. பாரிசு நூலைப் படித்த மாணவனை ஊரார் ஒருவர் 'தினே'க்கு அழைத்தால், இலக்கணப் பிழையில்லாத நன்றியோடு அவன் மாலை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டக்கூடும். நண்பகலிலிருந்து காத்திருந்த வீட்டுக்காரி என்ன எண்ணுவாள்?

முன்னிலைப் பெயரிலும் இவ்வாறே. பிரெஞ்சில் நெருங்கியவர்க்கு 'தூ', மதிப்புக்குரியவர்க்கு 'வூ'. 1965 இல் மொன்றியாலுக்கு அண்மையிலுள்ள சென் லாம்பேர் என்னும் இடத்தில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்புத் தொடக்கமே பிரெஞ்சிற் பாடங் கற்பிக்கும் ஏற்பாடு பெற்றோர் முயற்சியாற் பிறந்து, பின் கனடாவெங்கும் பரவியது. அப்பிள்ளைகள் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பிரெஞ்சிலேயே கற்றுத் தேறினர். ஆயினும், அவ்வகுப்புகளின் மாணவர் மதிப்புக்குரிய இடத்திலும் 'தூ' என்றே பேசிவிடுகின்றனர் என்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆசிரியர் பிள்ளைகளைத் 'தூ' என்கின்றார். பிள்ளைகள் தம்முள் 'தூ' என்கின்றனர். 'வூ' சொல்லவேண்டிய பெரியவர்கள் வகுப்பறையுள் வருவதில்லை. நீ, நீர், நீங்கள் என்னும் மூன்று படிகளையும் ஐயமின்றி ஏறி இறங்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அதை எந்தப் பாடவேளையிற் கற்றது? மாமாவிடமும், சந்தையிலும், கோயில் வீதியிலும் கற்றது. மொழியின் அந்தப் பகுதியை அளிக்க ஓர் ஊர் வேண்டும்.

சிறிய சர்வகலாசாலையின் பெருமை இங்கேதான் விளங்குகின்றது. பெருநகரக் கலாசாலையில் ஒலிப்பதிவுக் கூடமும் நூலகமும் பெரிதாக இருக்கலாம். வாசலைக் கடந்தால் மாணவன் ஆங்கிலத்தில் அமிழ்ந்து போவான். கோயில் முனையிலோ, வகுப்பு முடிந்து கடைக்குச் சென்றால் கடைக்காரர் பிரெஞ்சு பேசுகின்றார். துறைமுகத்தில் இறால்வகைப் பெருநண்டுகளை இறக்கும் மீனவர் பிரெஞ்சு பேசுகின்றார். அவருடைய முன்னோரை நாடு கடத்திய அரசின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞன், அவர் முன் நின்று, அவர் மொழியில், திக்கித் திக்கி ஒரு வாக்கியத்தை அமைக்கின்றான். அவர் பொறுமையோடு கேட்கின்றார். ஒரு முறையேனும் அதிகாரம் இடம் மாறுகின்றது. பிழைவிடுவோன் பெரும்பான்மையினன், பிழையைப் பொறுப்போன் சிறுபான்மையினன்.

நமக்கு உரியது

இக்கதை நமக்கு அவ்வளவு தூரத்ததன்று. கியூபெக் மாகாணத்தில் 1977 இல் இயற்றப்பட்ட மொழிச் சட்டத்தின்படி அங்கு குடியேறுவோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கே செல்ல வேண்டும். ஆதலின் மொன்றியாலில் வாழும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சிற் கற்று, தெருவில் ஆங்கிலமும் கலந்து பேசி, பாட்டியோடு தமிழ் பேசுகின்றனர். பாரிசின் லா ஷப்பேல் பகுதியிலும் நம்மவர் கடைகளில் இரு மொழியும் ஒலிக்கின்றன. நம் நாட்டிலும் களனிப் பல்கலைக்கழகம் பிரெஞ்சு மொழியைக் கற்பித்து வருகின்றது.

ஆனால், ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டியது பிரெஞ்சைப் பற்றி மட்டுமன்று. 1987 இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும், சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் இரண்டாம் மொழியாகப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படுகின்றன. அவற்றை நாம் எவ்வாறு கற்பிக்கின்றோம்? எழுத்துக்களை வரையப் பழக்குகின்றோம். சொற்பட்டியலை மனனஞ் செய்விக்கின்றோம். பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கின்றோம். அம்மொழியைப் பேசும் ஒரு வீட்டில் ஒரு வேளை உண்டு, ஒரு முதியவரின் முன் பிழையாகப் பேசி, அவர் சிரித்துத் திருத்தக் கேட்ட அனுபவம் நம் மாணவருள் எத்தனை பேருக்கு உண்டு? தமிழ் கற்க வரும் சிங்கள இளைஞன் ஒருவன் நம் கிராமத்துக் கடைத்திண்ணையில் தடுமாறி நின்றால், நாம் பொறுமையோடு தமிழிலேயே விடையிறுப்போமா, அல்லது நமக்குத் தெரிந்த சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சட்டென்று மாறி அவன் முயற்சியை முறித்துவிடுவோமா? பெரும்பாலும் மாறிவிடுகின்றோம், அதை உபசாரம் என்றும் எண்ணிக்கொள்கின்றோம்.

ஐந்து வாரத்தில் எவரும் ஒரு மொழியில் வல்லவராகிவிடுவதில்லை. கோயில் முனையிலிருந்து திரும்பும் மாணவருட் பலர் சில மாதங்களிற் கற்றதிற் பாதியை மறந்துவிடவும் கூடும். ஆனால் ஊமையாக நின்ற முதல் வாரத்தை எளிதில் மறக்கமாட்டார். பின்னொரு நாள், தம் நகரத்துக் கடையில் அரைகுறை ஆங்கிலத்தோடு தடுமாறும் அயல்நாட்டாரைக் காணும்போது, அவர்கள் அவசரப்படாது நின்று கேட்பார்களாயின், அச்சிறிய சர்வகலாசாலை தன் கடமையைச் செய்துவிட்டது என்றே கொள்ளலாம்.